அவசரத்தில் வாங்கும் பழைய கார்

(கண்டுணர் சுற்றுலாவாகச் சென்னைக்கு வந்து யானைக்கவுனியில் தங்கியிருந்த செய்யாறு, வந்தவாசி வட்டார விவசாயிகளிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று மாலை நான் பேசுவதாக இருந்தது நவரைப் பட்டத்துக்கேற்ற நெல் ரகங்களைப் பற்றி. ஆனால் மதியச் சாப்பாட்டின்போது உங்களில் நான்கு பேர், நாளை ஊர் திரும்புமுன் இந்தப் பக்கத்தில் ஒரு வியாபாரியிடம் பழைய கார் பார்க்கப் போவதாகவும், பிடித்திருந்தால் கையோடு அட்வான்ஸ் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்கள். நெல் ரகங்களைப் பற்றி அடுத்த மாதமும் பேசலாம். அட்வான்ஸ் நாளை காலை போய்விடும். எனவே தலைப்பை மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதியைக் கோருகிறேன். நான் உழவியல் ஆசிரியன், மோட்டார் மெக்கானிக் அல்ல. ஆயினும் கிராமங்களுக்குப் போகும்போது விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் கேட்பவர்கள், இப்போதெல்லாம் வண்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். நெல் விற்ற பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தால், பல வீடுகளில் அது ஒரு பழைய வண்டியில் போய் முடிகிறது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்துக்கும் பழைய சாமானுக்கும் நெடுநாள் உறவு உண்டு. கவுனி என்றால் வாசல். கறுப்பர் நகரம் என்று வெள்ளையர்கள் அழைத்த பகுதியைச் சுற்றி ஒரு காலத்தில் மதில் இருந்தது. அதன் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. பக்கத்திலுள்ள வால்டாக்ஸ் சாலை, அந்த மதிலுக்குச் செலவான பணத்தை வரியாகப் பிரிக்க நினைத்ததால் பெயர் பெற்றது என்பார்கள். இங்கிருந்து நடக்கும் தூரத்தில், சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1985 மே மாதம் தீக்கிரையாகியது. கொத்தவால் சாவடிக்குக் காய்கறி கொண்டுவந்த விவசாயிகள், ரயிலுக்கு நேரமிருந்தால் அங்கே நுழைந்து பழைய சாமான் பேரம் பேசுவது வழக்கம். 1996-ல் காய்கறிச் சந்தையும் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. அன்று வாங்கிய பழைய பொருள் ஏமாற்றினால் போனது பத்து ரூபாயோ இருபது ரூபாயோதான். இன்று வாங்குகிற பழைய பொருளின் விலை மூன்று லட்சம், நான்கு லட்சம். பேரத்தின் பாணி மட்டும் மாறவில்லை.

பழைய கார் வியாபாரத்தை ஆராய்ந்தே ஒருவர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவர் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1970-ல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்கு முக்கிய உதாரணமே பழைய கார்தான். அமெரிக்காவில் உதவாத காரை ‘எலுமிச்சை’ என்று கேலியாகச் சொல்வார்கள். கட்டுரையின் தலைப்பிலும் அந்த எலுமிச்சை இருக்கிறது. முதலில் சில பத்திரிகைகள் அதை ஏற்க மறுத்தன. 2001-ல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னது மிக எளிய விஷயம். பழைய காரின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஒரே மாதிரியான இரண்டு கார்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லது 4 லட்சம் பெறும், மோசமானது 2 லட்சம்தான் பெறும். எது எது என்று தெரியாத நீங்கள், நடுவாக 3 லட்சம் தருகிறேன் என்பீர்கள். நல்ல காரை வைத்திருப்பவர் 3 லட்சத்துக்கு ஏன் விற்கிறார்? அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மோசமான காரை வைத்திருப்பவர் மகிழ்ச்சியோடு உங்கள் கையில் சாவியைக் கொடுப்பார். ஆக, வாங்குபவருக்குத் தரம் பிரிக்கத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு தானாக ஒதுங்கிக்கொள்கிறது, கழிசல் முன்னால் வந்து நிற்கிறது. அகெர்லாஃப் 1967-68-ல் ஓராண்டு தில்லியில் இருந்தவர். அதனால்தானோ என்னவோ, கடைத்தெரு அரிசியில் அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் கல்லைக் கலந்து விற்பதையும், அதை வீட்டுப் பெண்கள் பொறுக்கி எடுப்பதையும் அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்.

இந்தப் பிரச்சினையை நாம் விதையில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம். ஒரு கைப்பிடி விதை நெல்லை வெறும் கண்ணால் பார்த்து அது முளைக்குமா, கலப்பில்லாததா என்று யாரும் சொல்ல முடியாது. விற்பவர் சொல்லை நம்பி விதைத்தால், தவறு தெரியவருவது பட்டம் போன பிறகுதான். அதனால்தான் 1966-ல் விதைச் சட்டம் வந்தது. சான்று பெற்ற விதை மூட்டையில் நீல அட்டை தொங்குகிறது. சான்று விதை நெல் என்றால் குறைந்தது 80 சதவீத முளைப்புத் திறனும் 98 சதவீதப் புறத்தூய்மையும் இருக்க வேண்டும். விற்பவர் நல்லவரா கெட்டவரா என்று நாம் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அட்டை பேசுகிறது. அமெரிக்காவில் 1985 முதல் பழைய கார் வியாபாரிகள், உத்தரவாதம் உண்டா, உள்ளது உள்ளபடி விற்கிறார்களா என்று குறிப்பிட்ட தாளைக் கார்க் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊரில் பழைய காருக்கு நீல அட்டை கிடையாது. முளைப்புப் பரிசோதனையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் வியாபாரி உங்களிடமிருந்து முதலில் எடுத்துவிடுகிறார்.

மீஞ்சூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நாலு ஏக்கர் நஞ்சை, கிணற்றுப் பாசனம். வீட்டில் வயதான தாயார். அந்த அம்மாளுக்கு இருதயக் கோளாறு. மாதத்தில் மூன்று நான்கு முறை ராயபுரத்துக்கருகில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இரவில் மூச்சுத் திணறினால் அந்தக் கிராமத்துக்கு வாடகைக் கார் வராது. எனவே கார் வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறே இல்லை, ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை.

2024 ஜூன் மாதம், நவரை நெல் விற்ற பணம் 1,20,000 ரூபாயோடு, மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வடசென்னையில் ஒரு வியாபாரியிடம் போனார். மைத்துனருக்கு மோட்டார் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும். வண்டி பார்க்க அது போதும் என்று எப்படியோ முடிவாகியிருந்தது. பதினொரு மணிக்குப் போனார்கள். ஏழு வருடத்து டீசல் கார், பாலிஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. டயருக்குக் கருப்பு அடித்திருந்தது. உள்ளே நல்ல வாசனை. “ஒரே ஓனர், டாக்டர் வண்டி, நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி பணத்தோடு வருகிறார், உங்கள் அம்மா விஷயம் என்பதால்தான் முதலில் உங்களுக்குக் காட்டுகிறேன்” என்றார் வியாபாரி. வண்டியைத் தெருமுனை வரை ஒருமுறை ஓட்டிக் காட்டினார். “நல்லா இருக்கு மாமா, விட்டுடாதீங்க” என்றார் மைத்துனர். வெள்ளிக்கிழமை வேறு. ஒரு மணிக்குள் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. விலை 3,20,000 ரூபாய். குறைந்த 2 லட்சத்துக்கு வியாபாரியே பைனான்ஸ் ஏற்பாடு செய்தார். ரசீதில் ‘உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழேதான் இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதல் மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. பிறகு முன்விளக்கு தானாக அணைந்து எரிந்தது. மழை நாளில் என்ஜின் அடம்பிடித்தது. ஒரு நாள் இரவு தாயாருக்குத் திணறல் வந்தபோது சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. 108-க்குப் போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்த வீட்டார் பட்டபாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மெக்கானிக் உள்ளே விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் மாவு போல உலர்ந்த வண்டல். வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை எப்படி மிதந்தது, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எப்படிப் பரவியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டி இது. ஆறு மாதத்தில் கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்பனைக்கு வந்திருக்கிறது. சீர்செய்ய மெக்கானிக் சொன்ன தொகை 58,000 ரூபாய். வியாபாரியிடம் போனால், “பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்ற ஒரே பதில்தான்.

அவர் என்னிடம் சொன்னது இது: “ஏமாந்ததுகூடப் பரவாயில்லை சார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கவில்லையே என்பதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.”

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீர்செய்வதற்கு ஆகும் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று முடிவுசெய்து உரியவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்தில் கழிசலாகப் போகும். கழற்றிப் புதுப்பேட்டையில் உதிரிபாகமாக விற்றால் நியாயம். அப்படிச் செய்யாமல் தட்டிக் கொட்டி முழு வண்டியாக வெளியூருக்கு அனுப்புவதும் நடக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ‘வெள்ளத்தில் மூழ்கியது’ என்று எழுத இடமே கிடையாது. செய்யாற்றிலும் வந்தவாசியிலும் இருப்பவர்களுக்குச் சென்னையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது எப்படித் தெரியும்?

வண்டியே சொல்லும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கறை, ஈரக்கோடு, பூஞ்சணம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பெல்ட்டைக் கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. இருக்கையைத் தரையில் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும் இருக்கை நகரும் தண்டவாளத்திலும் துரு இருக்கக்கூடாது. நல்ல வண்டியில் அந்த இடம் மழையையே பார்ப்பதில்லை. பின்னால் மாற்றுச் சக்கரம் வைத்திருக்கும் குழியில் கையைவிட்டு மூலைகளைத் தடவுங்கள். வண்டல் எப்படி இருக்கும் என்று விவசாயிக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்விளக்குக் கண்ணாடியின் உள்பக்கம் நீர்க்கோடோ ஆவியோ தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லி, பிறகு கதவைத் திறந்து முகருங்கள். இதற்கு வியாபாரி மறுப்புச் சொன்னால் அதுவே ஒரு விடை.

விபத்தில் அடிபட்ட வண்டிக்கு வேறு அடையாளம். கதவுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். டிங்கரிங் செய்து தடிமனாகப் புட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், பெயிண்டில் கீறல் விழாது. ஆனால் சில வண்டிகளின் பம்பரும் வேறு சில பாகங்களும் பிளாஸ்டிக்; அங்கே ஒட்டாததைக் குற்றமாகக் கொள்ளக்கூடாது. பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால், அதை ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். நீங்கள் போகுமுன்பே ‘சூடாக்கி’ வைத்திருந்தால், அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போதுதான் தன் நோயைச் சொல்லும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் கருப்புப் புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று பொருள். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்து, ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். மீட்டரில் 45,000 கிலோமீட்டர் என்று காட்டும். பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கும். இரண்டில் ரப்பரை நம்புங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர்.

இவ்வளவையும் சொல்லிவிட்டாலும், ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவதற்கு இது ஈடாகாது. அவர் கூலி ஆயிரம் இரண்டாயிரம் ஆகலாம். ஆனால் வியாபாரியே காட்டும் மெக்கானிக் வேண்டாம். சேர்ந்து தொழில் செய்பவர் எப்படிப் பேசுவார் என்பது சந்தையில் மாட்டுத் தரகரைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது காகிதங்கள். இங்கேதான் நம்மவர்கள் அதிகமாக அசட்டையாக இருக்கிறார்கள். அந்த மீஞ்சூர் விவசாயியின் ஆர்.சி.யில் இன்னும் யாரோ ஒரு சென்னைக்காரர் பெயர்தான் இருந்தது. அதற்கு மேல், பழைய கடன் தீரவில்லை என்பதைக் காட்டும் ஹெச்.பி. குறிப்பும் அழிக்கப்படவில்லை. வண்டியை விற்கிறவர் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட வேண்டும். பல சமயம் தேதி போடாத வெற்றுப் படிவத்தில் பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் இருக்கும். அது எத்தனை கை மாறி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடன் இருந்த வண்டியானால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். வெளிமாநில வண்டியானால் அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே மீண்டும் வரி கட்ட வேண்டியிருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் அந்த வரியையும் கூட்டிப் பாருங்கள். தில்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன.

பதிவு எண்ணை வைத்துக்கொண்டு பரிவாகன் இணையதளத்தில் பார்த்தால், எத்தனையாவது உரிமையாளர், கடன் குறிப்பு உண்டா, இன்ஷூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. எதுவரை, கட்டாத அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் எண்ணைச் சொன்னால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் மட்டும் நீங்களே வண்டியில் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இழப்பீடு கேட்காதவருக்கு முதல் வருடம் 20 சதவீதம் தொடங்கி ஆண்டுக்காண்டு கூடி 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. ஐந்து வருடம் ஓடிய வண்டியின் பாலிசியில் தள்ளுபடி திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கக்கூடும். அது என்ன என்று விசாரியுங்கள்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், அதுமுதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. மரியாதையாகவே கேட்கலாம்.

உங்களில் பழைய வண்டியை விற்கப் போகிறவர்களும் இருப்பீர்கள். பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விஜய் குமார் விற்ற கார் பலர் கைமாறி, பிறகு விபத்துக்குள்ளாயிற்று. ஆனால் பதிவேட்டில் இருந்தது அவர் பெயர். பதிவேட்டில் யார் பெயரோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று கூறிவிட்டது நீதிமன்றம்.

இனி பணம். பக்கத்தில் சௌகார்பேட்டையில் வட்டிக்கடைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் வண்டிக்குக் கடன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விவசாயிக்குச் சொன்னது ‘நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி’. கேட்பதற்கு வருடத்துக்கு 12 சதவீதம்தானே என்று தோன்றும். 2 லட்சத்துக்கு மூன்று வருடம் 12 சதவீதம் என்றால் வட்டி 72,000, மொத்தம் 2,72,000, 36 தவணை, மாதம் 7,556 ரூபாய். கவனியுங்கள்: ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியை அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறார். பாதித் தவணை முடிந்தபோது கையில் இருக்கும் கடன் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். ஆனால் வட்டி மட்டும் கடைசி வரை முழு 2 லட்சத்துக்கு. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது வருடத்துக்கு ஏறத்தாழ 21 சதவீதம். எனவே கடன் கொடுப்பவரிடம் ‘குறையும் பாக்கிக்கா, நிலையான வட்டியா?’ என்று முதலில் கேளுங்கள். பாங்கியில் விசாரிக்க இரண்டு நாள் ஆகும் என்பதற்காக மூன்று வருடம் அதிகம் கட்டுவது கட்டுப்படியாகாது. பயிர்க்கடனை எடுத்துக் காரில் போடலாம் என்று சிலர் யோசிப்பதும் எனக்குத் தெரியும். அடுத்த பட்டத்துக்கு யூரியா வாங்கும்போது அதன் வலி தெரியும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அவர் மாதம் நான்கு முறை வாடகைக் காரில் ஸ்டான்லிக்குப் போய்வந்தால், ஒரு நடைக்கு 1,500 என்று வைத்தாலும் 6,000 ரூபாய். தவணையே அதைவிட அதிகம். டீசல், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் தனி. இதை அவரிடம் சொன்னேன். “சரிதான் சார், ராத்திரி இரண்டு மணிக்கு வாடகைக் காரை எங்கே போய்த் தேடுவேன்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சொந்த வண்டி வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. இரண்டு மணிக்குக் கிளம்புகிற வண்டியாக அது இருக்க வேண்டும்.

வாங்கிவிட்ட பிறகு என்ன வழி என்றும் கேட்பீர்கள். மறுநாள் மனம் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற பொது விதி நம் சட்டத்தில் இல்லை. 1930-ம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவும், பெரும்பாலும் வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையில்தான் தொடங்குகிறது. அதற்கு விலக்குகள் உண்டு. அந்தப் பொருளில் வியாபாரம் செய்பவரிடம் வாங்கி, பார்வையிட்டாலும் புலப்படாத குறை இருந்தால், வாங்கியவர் பக்கம் நியாயம் நிற்கும். குறையை மூடி மறைத்து, இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதி வாங்கியது மட்டுமே பொய்க்குக் கவசம் ஆகிவிடாது.

புகாரை உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். வியாபாரி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கிய சுமை வண்டியும் இதில் சேரும். ‘நீ வியாபாரத்துக்கு வாங்கினாய், நுகர்வோர் அல்ல’ என்று தள்ளிவிட முடியாது. முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். ஆனால் ஆணையம் கேட்பது காகிதம். விளம்பரத்தின் படம், வியாபாரி போனில் அனுப்பிய செய்திகள், ரசீது, பாங்கி மூலம் பணம் போன கணக்கு, சீர்செய்யுமுன் மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, வண்டலையும் களிம்பையும் காட்டும் போட்டோக்கள் இவையெல்லாம் வேண்டும். மீஞ்சூர் விவசாயி அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்தார்; ரசீதில் தொகையைக் குறைத்து எழுதியிருந்தார்கள். மெக்கானிக்கின் அறிக்கையும் போட்டோவும் இருந்ததால்தான் அவரால் திருவள்ளூரில் மனுவே போட முடிந்தது. வழக்கு நடக்கிறது. தவணையும் நடக்கிறது.

வாங்குவதற்கு முன்பே வியாபாரியிடம் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து கேளுங்கள்: ‘இந்த எண்ணுள்ள வண்டி வெள்ளத்தில் மூழ்கியதல்ல, பெரிய விபத்தில் அடிபட்டதல்ல, இதன் மீது கடன் பாக்கி இல்லை. இத்தனை நாளுக்குள் பெயர் மாற்றித் தருகிறேன்.’ நேர்மையான வியாபாரிகளும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் தயங்காமல் எழுதித் தருவார்கள். அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு தொகையாக, ‘மெக்கானிக் பார்த்துத் திருப்தியில்லை என்றால் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் டிராக்டருக்கும் இதேதானா என்று கேட்கிறார். பெரும்பாலும் இதேதான் ஐயா. சில வேறுபாடுகள் உண்டு. டிராக்டரில் கிலோமீட்டரைவிட ஓடிய மணி நேரம்தான் கணக்கு. அந்த மீட்டரும் பல வண்டிகளில் ஓடாமல் நிற்கும். ஹைட்ராலிக்கைச் சும்மா தூக்கிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்; வேகமாக இறங்கினால் உள்ளே கசிகிறது. சேற்று உழவு அதிகம் செய்த வண்டியானால் முன் அச்சு, சக்கரத்து பேரிங், பிரேக் ஆகியவற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். பி.டி.ஓ. தண்டில் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஏக்கர் உழுது பார்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. டீசல் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.